ஆட்சி மாறாத தேர்தல்

லித்துவேனியாவில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு இதுவரை 5 முறை தேர்தல் நடந்திருக்கிறது. 2004-ல் பதிவான வாக்கு 48 சதவீதம், 2009-ல் 21, 2014-ல் 47, 2019-ல் 53, 2024-ல் 29. இந்த எண்களை மட்டும் பார்த்தால், அந்நாட்டு மக்களுக்கு ஐரோப்பா ஒருமுறை இனிக்கிறது, அடுத்த முறை கசக்கிறது என்றுதான் எண்ணத் தோன்றும். விஷயம் அதைவிட எளிமையானது. நாட்காட்டியைப் புரட்டினால் போதும். 2004, 2014, 2019 ஆகிய மூன்று முறையும் அதே நாளில் அந்நாட்டு அதிபர் தேர்தலின் ஒரு சுற்றும் நடந்தது. 2009-ல் அதிபர் தேர்தல் மூன்று வாரம் முன்னதாகவே முடிந்துவிட்டது. 2024-ல் இரண்டு வாரம் முன்னதாக. அதிபரைத் தேர்ந்தெடுக்க வந்தவர்கள், வந்ததோடு இன்னொரு சீட்டையும் வாங்கிப் பெட்டியில் போட்டார்கள். இந்த ஒரு சீட்டுக்காக மட்டும் வா என்று கூப்பிட்டபோது பாதிப் பேர் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை.

வாக்காளர் நடத்தையை ஆராய்பவர்களுக்கு இவ்வளவு சுத்தமான சோதனை எளிதில் வாய்ப்பதில்லை. அதே நாடு, அதே மன்றம். மாறியது தேதி மட்டும்.

நாடுகளைக் கடந்த நாடாளுமன்றங்கள் உலகில் வேறு சிலவும் உண்டு. நடு அமெரிக்க நாடாளுமன்றம் குவாத்தமாலா நகரில் இயங்குகிறது. மெர்கோசூர் கூட்டமைப்பின் நாடாளுமன்றத்துக்குப் பராகுவே 2008-லும் அர்ஜென்டினா 2015-லும் நேரடித் தேர்தல் நடத்தின. கிழக்கு ஆப்பிரிக்கச் சட்டமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்புபவை அந்தந்த நாட்டு நாடாளுமன்றங்கள். ஆனால் பல நாட்டு மக்கள் நேரடியாக வாக்களித்து, அந்த நாடுகள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றுவதில் பங்கு வகிக்கும் மன்றம் என்றால் அது ஐரோப்பிய நாடாளுமன்றம்தான். 2024 ஜூன் 6 முதல் 9 வரை 27 நாடுகளில், 720 இடங்களுக்கு, ஏறத்தாழ 36 கோடி வாக்காளர்களுக்காக அந்தத் தேர்தல் நடந்தது. மக்களாட்சித் தேர்தல்களில் இதைவிடப் பெரிய வாக்காளர் பட்டியல் இந்தியாவிடம் மட்டுமே உள்ளது.

1979-ல் முதல் நேரடித் தேர்தல் நடந்தபோது வாக்குப்பதிவு 62 சதவீதம். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் இறங்குமுகம். 1999-ல் பாதிக்கும் கீழே போனது, 2014-ல் 42.6 சதவீதத்தில் தரைதட்டியது. வியப்பு என்னவென்றால், இதே 35 ஆண்டுகளில் அந்த மன்றத்தின் அதிகாரம் ஏறிக்கொண்டே வந்தது. 1979-ல் வரவு செலவுத் திட்டத்தில் சில உரிமைகள் தவிர, அது பெரும்பாலும் கருத்துச் சொல்லும் அவை. 1993-ல் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் அதற்குச் சட்டமியற்றுவதில் பங்கு கொடுத்தது. 2009-ன் லிஸ்பன் ஒப்பந்தம் அந்தப் பங்கைப் பெரும்பாலான துறைகளுக்கு விரித்தது. ஐரோப்பாவுக்குள் செல்பேசி ரோமிங் கட்டணம் ஒழிந்தது, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது எல்லாம் அந்த மன்றத்தின் வாக்கெடுப்பைக் கடந்துதான். ஐபோனில் சார்ஜர் துளை மாறியதற்கும் அங்கே நிறைவேறிய சட்டமே முக்கியக் காரணம். வேடிக்கை, சென்னைக் கடையில் விற்கும் போனையே மாற்றிய மன்றத்துக்கு ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் வாக்களிக்க ஆளில்லை.

அதிகாரம் கூடினால் ஆர்வம் கூடும் என்பது பள்ளிப் பாடநூல் தர்க்கம். அது ஏன் பலிக்கவில்லை என்பதற்கான விடை முதல் தேர்தல் முடிந்த மறு ஆண்டே எழுதப்பட்டுவிட்டது. ஜெர்மனியின் மான்ஹைம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கார்ல்ஹைன்ஸ் ரைஃப், ஹெர்மன் ஷ்மிட் இருவரும் 1980-ல் வெளியிட்ட கட்டுரை, 1979-ல் நடந்தது ஒரு ஐரோப்பியத் தேர்தலே அல்ல என்றது. அவர்கள் கண்ணில் அது ஒன்பது நாடுகளில் தனித்தனியே நடந்த ஒன்பது தேசியத் தேர்தல்கள்; அதிலும் இரண்டாம் நிலைத் தேர்தல்கள். அமெரிக்காவில் அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் தேர்தல்களிலும், மேற்கு ஜெர்மனியின் மாநிலத் தேர்தல்களிலும் ஏற்கெனவே தெரிந்த போக்குகளை அவர்கள் இங்கே பொருத்திப் பார்த்தார்கள். பிரதமர் நாற்காலியோ அதிபர் மாளிகையோ பணயத்தில் இல்லாவிட்டால் வருபவர் குறைவார்கள். வருபவர்களும் ஆளுங்கட்சிக்கு ஒரு குட்டு வைத்துவிட்டுப் போவார்கள். பெரிய கட்சிகள் தேயும், சின்னக் கட்சிகள் வளரும். தேசியத் தேர்தல் முடிந்த சூட்டில் நடந்தால் ஆளுங்கட்சிக்கு இழப்பு குறைவு. பதவிக்காலத்தின் நடுவில் வந்தால் அதிகம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ ஆய்வாளர்கள் இதைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். சைமன் ஹிக்ஸும் மைக்கேல் மார்ஷும் 2007-ல் முதல் ஆறு தேர்தல்களையும் சேர்த்துச் சோதித்து, முடிவுகளைத் தீர்மானித்ததில் ஐரோப்பா தொடர்பான விஷயங்களுக்கு இருந்த பங்கு சிறிதே என்றார்கள். அரசியல் அறிவியலில் ஒரு கருதுகோள் இவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பது அபூர்வம்.

வாக்களிக்காதவர் ஐரோப்பாவை வெறுக்கிறார் என்ற விளக்கத்தைப் பத்திரிகைகள் ஒவ்வொரு முறையும் எடுத்துப் போடுகின்றன. அதற்கு ஸ்லோவாக்கியா ஒன்றே போதுமான மறுப்பு. 2003-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாமா என்று கேட்ட பொது வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 92 சதவீதம் பேர் சேரலாம் என்றார்கள். 2009 ஜனவரியில் யூரோ நாணயத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூனில் ஐரோப்பியத் தேர்தலுக்கு வந்தவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. 2014-ல் 13 சதவீதம். ஒன்றியத்தின் வரலாற்றிலேயே இவ்வளவு குறைவாக எந்த நாட்டிலும் பதிவானதில்லை. இந்த மக்கள் சோம்பேறிகளா என்றால், 2023 செப்டம்பரில் தங்கள் நாடாளுமன்றத் தேர்தலில் 68 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தவர்களும் இவர்களேதான். தேசியத் தேர்தலில் வெளிநாட்டிலிருந்து அஞ்சல் வழியே வாக்களிக்க அந்நாட்டில் ஏற்பாடு உண்டு. ஐரோப்பியத் தேர்தலுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. செக் நாட்டிலும் ஆஸ்திரியாவிலும் வேலைபார்க்கும் ஸ்லோவாக்கியர்கள் ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தும் வராதவர்களாகக் கணக்கில் சேர்கிறார்கள். 13 என்ற எண்ணை இது முழுதாக விளக்கிவிடாது. ஆனாலும் அந்த எண்ணுக்குள் அலட்சியம் மட்டும் இல்லை.

மறுபக்கம் டென்மார்க். 1992-ல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை வாக்கெடுப்பில் நிராகரித்த நாடு. 2000-ல் யூரோ வேண்டாம் என்ற நாடு. ஐரோப்பா மீது சந்தேகம் அங்கே குடும்பச் சொத்து மாதிரி. ஆனால் 1979-ல் 48 சதவீதமாக இருந்த அதன் வாக்குப்பதிவு 2019-ல் 66-க்குப் போனது, 2024-லும் 58. சந்தேகம் வாக்குச்சாவடிக்கு அழைத்து வருகிறது, சம்மதம் வீட்டிலேயே இருக்கவைக்கிறது என்று கூடச் சொல்லிவிடலாம். சற்று மிகையான கூற்றுதான். ஆனால் வெறுப்பு விளக்கத்தைவிடத் தரவோடு நன்றாக ஒத்துப்போகிறது.

1979-ல் தொடங்கிய அந்தச் சரிவிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. மார்க் ஃபிராங்க்ளின் என்ற அரசியல் அறிவியலாளர் 2001-ல் அதை அவிழ்த்துக் காட்டினார். முதல் தேர்தலில் இருந்த ஒன்பது நாடுகளில் பெல்ஜியம், லக்சம்பர்க், இத்தாலி மூன்றிலும் வாக்களிப்பது சட்டப்படி கடமை. இத்தாலி 1993-ல் அதைக் கைவிட்டது. பிறகு வந்து சேர்ந்த நாடுகளில் பெரும்பாலானவற்றில் அப்படிக் கட்டாயம் இல்லை. எனவே சராசரி கீழே இறங்கியதில் ஒரு பெரும்பகுதி, கூட்டத்தில் யார் யார் சேர்ந்தார்கள் என்பதால் வந்தது. இருந்தவர்கள் மனம் மாறியதால் வந்ததல்ல. ஜெர்மனியைப் பாருங்கள்: 1979-ல் 65.7 சதவீதம், 2024-ல் 64.7. நடுவில் ஏறி இறங்கினாலும் 45 ஆண்டில் நிகர மாற்றம் ஒரு புள்ளி. இத்தாலியோ 86-லிருந்து 48-க்கு விழுந்தது. இவ்விரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து 'ஐரோப்பிய வாக்காளர்' என்று ஓர் ஆளை உருவாக்கினால், அவர் எந்த ஊரிலும் குடியிருக்கமாட்டார்.

அந்தச் சராசரியை வைத்து அரசியல் செய்ததற்கும் கதை உண்டு. 2014 தேர்தலுக்கு முன் ஐரோப்பிய நாடாளுமன்றம் 'இந்த முறை வேறு மாதிரி' என்று விளம்பரம் செய்தது. வாக்கு எண்ணிய இரவில் 43.09 சதவீதம் என்று அறிவித்து, 2009-ன் 43-ஐத் தாண்டிவிட்டோம், சரிவு நின்றுவிட்டது என்று மகிழ்ந்தார்கள். இறுதிக் கணக்கு வந்தபோது 2009-ஐவிடக் குறைவு. இரவு அறிவிப்பு தலைப்புச் செய்தியானது. திருத்தம் ஆகஸ்டு மாத விடுமுறைக் காலத்தில் வந்தது.

வராதவர்களைப் பற்றி இவ்வளவு. வந்தவர்கள் செய்தது இன்னும் சுவையானது, விளைவிலும் பெரியது.

பிரிட்டனில் 1994 வரை ஐரோப்பியத் தேர்தலும் தொகுதிக்கு ஒருவர் முறையில்தான் நடந்தது. 1989-ல் பசுமைக் கட்சி 15 சதவீத வாக்கு வாங்கியும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 1999-ல் விகிதாசார முறைக்கு மாறினார்கள். அந்த ஆண்டு வாக்குப்பதிவு 24 சதவீதம். நான்கில் மூன்று பேர் எட்டிக்கூடப் பார்க்காத அந்தத் தேர்தலில், ஐரோப்பாவைவிட்டு விலக வேண்டும் என்ற யுகிப் கட்சி 3 இடம் பெற்றது. அந்த மூவரில் ஒருவர் நைஜல் ஃபராஜ். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அவர் 7 முறை நின்று 7 முறையும் தோற்றவர். 2024-ல் 8-வது முயற்சியில்தான் உள்ளே போனார். ஆனால் 1999 முதல் 2020 வரை 20 ஆண்டுகளுக்கு மேல், தான் ஒழிக்க நினைத்த மன்றத்திலேயே சம்பளமும் மேடையும் பெற்று உட்கார்ந்திருந்தார். 2014 ஐரோப்பியத் தேர்தலில் யுகிப் 26.6 சதவீதத்தோடு முதலிடம். அடுத்த ஆண்டு பொதுத் தேர்தலில் 12.6 சதவீதம், ஒரே இடம்.

2019 இன்னும் துல்லியம். பிரிட்டன் அதற்குள் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியிருக்க வேண்டும். பேச்சுவார்த்தை இழுத்ததால் யாரும் விரும்பாத தேர்தலை மே 23-ல் நடத்த வேண்டியதாயிற்று. ஆறு வாரத்துக்கு முன் பொதுவெளியில் அறிமுகமான ஃபராஜின் பிரெக்ஸிட் கட்சி 29 இடங்களோடு முதலில் வந்தது. ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 9 சதவீதம், 4 இடம், ஐந்தாவது நிலை. வாக்குப்பதிவுக்கு மறுநாள், எண்ணிக்கை தொடங்குமுன்பே, பிரதமர் தெரசா மே பதவி விலகுவதாக அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் பொதுத் தேர்தல். கன்சர்வேட்டிவ்களுக்கு 43.6 சதவீதம், பிரெக்ஸிட் கட்சிக்கு 2 சதவீதம், இடம் பூஜ்யம். ஏழு மாதத்துக்குள் ஒரே வாக்காளர் கூட்டம் 9-ஐ 43 ஆக்கியது. இடையில் கன்சர்வேட்டிவ்கள் தலைவரை மாற்றியிருந்தார்கள், பாதித் தொகுதிகளில் ஃபராஜ் ஆளை நிறுத்தவில்லை என்பதெல்லாம் உண்மை. இருந்தாலும், மே மாதச் சீட்டு எதற்கு, டிசம்பர் சீட்டு எதற்கு என்பது அந்த மக்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

பிரான்சில் இந்தக் கதை இன்னும் பழையது. ஜான்-மரி லெ பென் 1981 அதிபர் தேர்தலில் நிற்பதற்குத் தேவையான 500 மக்கள் பிரதிநிதிகளின் கையெழுத்தைக்கூடச் சேர்க்க முடியாதவர். மூன்றே ஆண்டில், 1984 ஐரோப்பியத் தேர்தலில், அவருடைய தேசிய முன்னணி 11 சதவீத வாக்கும் 10 இடங்களும் பெற்றது. அதன்பின் அந்தக் குடும்பமும் கட்சியும் பல பத்தாண்டுகள், ஐரோப்பிய நாடாளுமன்றம் கூடும் ஸ்ட்ராஸ்பர்க்கில் காலூன்றி நின்றன. அங்கே உதவியாளர்களுக்கென்று ஒதுக்கிய பணத்தைக் கட்சி வேலைக்குத் திருப்பியதாகத் தொடுத்த வழக்கில், 2025 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம் அவர் மகள் மரீன் லெ பென்னைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். இரண்டாம் நிலைத் தேர்தல் என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். முதல் நிலைக்கு ஏற முடியாத கட்சிகளுக்கோ அது கிடைத்த ஒரே ஏணி.

பிரான்சில் 2024-ல் நாடு முழுவதும் ஒரே தொகுதி. 81 இடங்களுக்கு 38 பட்டியல்கள் போட்டியிட்டன. அங்கே வாக்குப்பதிவு இயந்திரத்தில் பொத்தான் அமுக்கும் வேலை அபூர்வம். மேசை மீது ஒவ்வொரு பட்டியலுக்கும் தனித்தனித் தாள் அடுக்கி வைத்திருப்பார்கள். யாருக்குப் போடுகிறோம் என்று பிறர் அறியாமலிருக்கப் பல தாள்களை எடுத்துக்கொண்டு, ஓர் உறையோடு திரைக்குப் பின்னால் போய், ஒன்றை மட்டும் உறையிலிட்டு, மற்றவற்றைக் கசக்கிப் போட்டுவிட்டு வரவேண்டும். கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பெட்டியில் உறை விழுந்ததும் அலுவலர் 'அ வோத்தே', அதாவது வாக்களித்தாயிற்று, என்று உரக்கச் சொல்வார். தாள் அச்சடிக்கப் பணமில்லாத சில சிறு பட்டியல்கள், ஆதரவாளர்கள் வீட்டிலேயே அச்சடித்து எடுத்து வரட்டும் என்று கோப்பை இணையத்தில் போட்டுவிட்டன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும், 1962-ல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்களின் வாரிசுகள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்கள் என்ற முறையில் இந்தத் தேர்தலில் அவர்களுக்கும் வாக்குரிமை உண்டு. பிரஸ்ஸல்ஸின் விவசாய மானியக் கொள்கையில் காவிரிக் கரைத் தமிழருக்கும் ஒரு வாக்கு என்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை.

அந்த ஜூன் 9 இரவு மரீன் லெ பென் கட்சிப் பட்டியலுக்கு 31.4 சதவீதமும், அதிபர் மக்ரோன் தரப்புக்கு 14.6 சதவீதமும் என்று தெரிந்தவுடன், மக்ரோன் தேசிய நாடாளுமன்றத்தைக் கலைத்தார். சட்டப்படி அதற்கு எந்த அவசியமும் இல்லை. மூன்று வாரம் கழித்து நடந்த முதல் சுற்றில் வாக்குப்பதிவு 51.5-லிருந்து 66.7 சதவீதமாக எகிறியது. ஆட்சி மாறாத தேர்தலில் போட்ட வாக்கை ஒருவர் ஆட்சி மாறும் தேர்தலாக மொழிபெயர்த்துக்கொண்டார். விளைவாகப் பெரும்பான்மை இல்லாத அவையைப் பெற்றார்.

2019-ல் வாக்குப்பதிவு திடீரென்று 50.7 சதவீதமாக ஏறியது. 2024-ல் அதே அளவில் நின்றது. பழைய கோட்பாடு செத்துவிட்டது, ஐரோப்பியப் பொது அரசியல் பிறந்துவிட்டது என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். 2019-ல் 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பங்கேற்பு 14 புள்ளிகள் உயர்ந்ததை நாடாளுமன்றத்தின் கருத்துக்கணிப்பு காட்டியது. பருவநிலைப் போராட்டங்களும் பிரெக்ஸிட் குழப்பமும் ஓரளவு அதற்குக் காரணமாயிருக்கலாம். ஆனால் கருத்துக்கணிப்பில் 'நான் வாக்களித்தேன்' என்பவர்கள் பெட்டியில் விழுந்த சீட்டைவிட எப்போதும் அதிகம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாடு நாடாகப் பிரித்தால் காட்சி கலங்குகிறது. 2024-ல் ஹங்கேரி 59 சதவீதத்தைத் தொட்டது; அன்றைக்கே உள்ளாட்சித் தேர்தலும் நடந்தது. குரோவேஷியாவில் ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல் முடிந்திருந்தது. ஜூனில் வந்தவர்கள் 21 சதவீதம். கிரீஸில் 2014, 2019 இரு முறையும் உள்ளாட்சித் தேர்தல் உடன் வந்தது. 2024-ல் வரவில்லை, 59-லிருந்து 41-க்கு இறங்கியது. ஸ்லோவாக்கியா 34 சதவீதமாக ஏறியதுகூட, பிரதமர் ராபர்ட் ஃபிட்சோ மே 15-ல் சுடப்பட்டு நாடே இரண்டுபட்டு நின்ற சூழலில்தான்.

நாட்காட்டி விளக்கத்துக்கும் எல்லை உண்டு. பல்கேரியா 2024 ஜூன் 9-ல் தேசிய நாடாளுமன்றத் தேர்தலையும் ஐரோப்பியத் தேர்தலையும் ஒன்றாகவே நடத்தியது. கூட்டம் அலைமோதியிருக்க வேண்டும். வந்தவர்கள் 34 சதவீதம். மூன்றே ஆண்டுகளில் அது அவர்களுக்கு ஆறாவது பொதுத் தேர்தல். நிலையான அரசு ஒருமுறையும் அமையவில்லை. வாக்குப் போட்டும் ஆட்சி அமையாத நாட்டில், பெரிய தேர்தலே சின்னதாகிவிடுகிறது. ஜெர்மனியின் 2024 முடிவு வேறு விதத்தில் இடறுகிறது. பிரதமர் ஷோல்ஸின் சமூக ஜனநாயகக் கட்சிக்கு 13.9 சதவீதமே கிடைத்தது. தீவிர வலதுசாரிக் கட்சி 15.9 சதவீதத்தோடு இரண்டாமிடம் வந்தது. குட்டு வைக்கும் வாக்கு, பொதுத் தேர்தலில் திரும்பிவிடும் என்று கோட்பாடு சொல்லும். 2025 பிப்ரவரிப் பொதுத் தேர்தலில் திரும்பவில்லை, வலதுசாரிகள் 20.8 சதவீதத்துக்கு வளர்ந்தார்கள். பிரிட்டனில் 2019-ல் மே மாதம் டிசம்பருக்குப் பொய்சொன்னது. ஜெர்மனியில் ஜூன் மாதம் முன்கூட்டியே உண்மை சொன்னது. எது எப்போது என்று பிரித்துச் சொல்ல ரைஃப், ஷ்மிட் கோட்பாட்டிடம் கருவி இல்லை. அதன் பலவீனம் அங்கேதான் என்பது என் கணிப்பு.

வாக்காளர் அறியாமையில் மூழ்கியவர் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சீட்டால் யார் பதவிக்கு வருவார், யார் போவார் என்பதை அவர் சரியாகவே கணிக்கிறார். அந்தக் கணிப்பை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. 2014-ல் ஐரோப்பியக் கட்சிக் கூட்டணிகள் ஒவ்வொன்றும் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் பதவிக்கு ஒரு முன்னணி வேட்பாளரை அறிவித்தன. வென்ற கூட்டணியின் ஜான்-கிளாட் யுங்கர் தலைவரானார். 2019-ல் வலது மையக் கூட்டணி மான்ஃபிரட் வேபரை முன்னிறுத்தி முதலிடம் பெற்றது. உறுப்பு நாடுகளின் அரசுத் தலைவர்கள் அவரை ஒதுக்கிவிட்டு, போட்டியிலேயே இல்லாத உர்சுலா ஃபான் டெர் லையனைத் தேர்ந்தெடுத்தார்கள். மன்றம் 383 வாக்குகளோடு அதை ஏற்றது, தேவைப்பட்டது 374. ஒன்றியம் முழுவதையும் ஒரே தொகுதியாக்கி 28 இடங்களுக்கு நாடு கடந்த பட்டியல் வேண்டும் என்று 2022 மே மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய முன்மொழிவும் அரசுகளிடம் போய் அப்படியே நின்றுவிட்டது. 2024-ல் ஃபான் டெர் லையனே தம் கூட்டணியின் முன்னணி வேட்பாளர். ஜூலை 18-ல் 401 வாக்குகள் பெற்று இரண்டாம் முறை தலைவரானார். ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர் பதவிக்கு அவர் நிற்கவில்லை. ஆகவே 27 நாடுகளில் எந்த நாட்டு வாக்குச்சீட்டிலும் வேட்பாளராக அவர் பெயர் இல்லை.